பூட்டிய கோப்புகள்: ஃபுகுஷிமா சொன்னதும் கூடங்குளம் கேட்டதும்

அணு உலை பாதுகாப்பானதா என்ற விவாதம் 2011-லிருந்து நடக்கிறது. அந்தப் பாதுகாப்பை யார் சோதித்தார்கள், சோதனை முடிவை யாரிடம் காட்டினார்கள் என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் முழுப் பதில் வரவில்லை.

2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ‘சாந்தி’ என்ற சுருக்கப் பெயர் கொண்ட அணுசக்தி மசோதாவை அடுத்தடுத்த நாட்களில் நிறைவேற்றின. 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டமும், 2010-ஆம் ஆண்டின் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டமும் அத்துடன் விடைபெற்றன. அரசு நிறுவனங்களின் கையில் மட்டுமே இருந்த அணுமின் உற்பத்தி இனி தனியாருக்கும் உண்டு. கோளாறான கருவியை விற்ற நிறுவனத்திடம் அணுமின் நிலையம் நடத்துபவர் இழப்பீடு கேட்பதற்குப் பழைய சட்டம் வழி வைத்திருந்தது; அந்த வழி இப்போது பெருமளவு அடைபட்டுவிட்டது. இன்று நாட்டின் அணுமின் திறன் ஏறத்தாழ 8,800 மெகாவாட். 2047-க்குள் அதை ஒரு லட்சம் மெகாவாட் ஆக்க வேண்டும் என்பது மத்திய அரசின் இலக்கு.

இலக்கு பெரிது, வேகமும் பெரிது. இந்த வேகத்தில் போவதற்கு முன், பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஜப்பானின் கிழக்குக் கடற்கரையில் நடந்ததையும், அதன் எதிரொலியாக நம் தென்கோடிக் கடற்கரையில் எழுந்த கேள்விகளையும் மறுபடி எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஒரு மணி நேரத்துக்குள்

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. ஜப்பானின் வடகிழக்குக் கடலடியில் 9 அளவு வலிமையோடு நிலம் குலுங்கியது. ஃபுகுஷிமா டாய்இச்சி அணுமின் நிலையத்தில் ஆறு உலைகள். அன்று ஓடிக்கொண்டிருந்தவை மூன்று. நிலம் அதிர்ந்ததுமே கட்டுப்பாட்டுத் தண்டுகள் தாமாக உள்ளே இறங்கி மூன்றையும் நிறுத்தின. வெளியிலிருந்து வந்த மின்சாரம் அறுந்தது. டீசல் ஜெனரேட்டர்கள் இயங்கத் தொடங்கின. அதுவரை எல்லாம் வரைபடத்தில் எழுதியிருந்தபடியே நடந்தது.

ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி வந்தது. கணக்கில் எடுத்துக்கொண்டிருந்த அலையின் உயரம் 5.7 மீட்டர், வந்தது ஏறத்தாழ 14 மீட்டர். டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை டர்பைன் கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்தன. அவை மூழ்கின. மின்பலகைகளும் பேட்டரிகளில் பலவும் சேர்ந்து மூழ்கின.

அணு உலையை நிறுத்திவிட்டால் அடுப்பை அணைத்த மாதிரி அது குளிர்ந்துவிடாது. எரிபொருளில் சேர்ந்திருக்கும் கதிரியக்கப் பொருள்கள் சிதைந்து வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும். நாள்கணக்கில், மாதக்கணக்கில் தண்ணீரைச் சுழலவிட்டாக வேண்டும். பம்புகளுக்கு மின்சாரம் இல்லை. அளவுமானிகளைப் படிக்கக்கூட மின்சாரம் இல்லாமல், ஊழியர்கள் கார் பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டுவந்து இணைத்தார்கள். தண்ணீர் வற்றியதும் எரிபொருளைப் பொதிந்திருந்த ஜிர்கோனியம் உறை நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கக்கியது. மார்ச் 12 அன்று முதல் உலையின் கட்டடம் வெடித்தது. 14-ஆம் தேதி மூன்றாவது, 15-ஆம் தேதி நான்காவது. மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. செர்னோபிலுக்கு அடுத்து, சர்வதேச அளவுகோலின் உச்சமான ஏழாம் நிலையில் வைக்கப்பட்ட ஒரே விபத்து இது.

ஆறாவது உலைக்கான ஒரு ஜெனரேட்டர் மட்டும் உயரமான இடத்தில், காற்றால் குளிரும் வகையாக இருந்தது. அது பிழைத்தது. அதனாலேயே ஐந்தாவது, ஆறாவது உலைகளும் பிழைத்தன.

கணக்கு 2008-லேயே இருந்தது

இயற்கையின் சீற்றத்தை யாரால் தடுக்க முடியும் என்று அன்று பலரும் கேட்டார்கள். தடுத்தவர்கள் இருந்தார்கள் என்பதுதான் பதில். ஒனகாவா அணுமின் நிலையம் நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகில் இருந்தது. அங்கும் 13 மீட்டர் அளவுக்கு அலை வந்தது. ஆனால் தொஹோகு மின் நிறுவனத்தின் துணைத் தலைவராக இருந்த யானோசுகே ஹிராய், பழைய சுனாமிகளின் வரலாற்றைச் சுட்டிக்காட்டி, நிலையத்தை 14.8 மீட்டர் உயரத்தில் கட்ட வேண்டுமென்று பிடிவாதமாக நின்றிருந்தார். நிலையம் தப்பியது. வீடிழந்த சுற்றுவட்டார மக்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் அந்த அணுமின் நிலைய வளாகத்திலேயே மூன்று மாதம் தங்கியிருந்தார்கள்.

ஃபுகுஷிமாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே 35 மீட்டர் உயரத்தில் இயற்கையாகவே ஒரு மேட்டுநிலம் இருந்தது. கடலிலிருந்து கருவிகளை இறக்கவும் தண்ணீர் எடுக்கவும் வசதியாக அதை வெட்டி, உலைகளை 10 மீட்டர் மட்டத்தில் அமைத்தார்கள். 2008-ல் அந்த நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்துக்குள்ளேயே ஒரு கணக்கீடு நடந்தது. 15.7 மீட்டர் அலை வரக்கூடும் என்றது அது. மேலும் ஆராய வேண்டும் என்று சொல்லிக் கோப்பைத் தள்ளிவைத்தார்கள். சுவர் உயரவில்லை. அடித்தளத்து ஜெனரேட்டர்களும் இடம் மாறவில்லை.

கண்காணிக்க வேண்டிய அமைப்பு என்ன செய்தது? ஜப்பானின் அணுப் பாதுகாப்பு முகமை, அணுமின்சாரத்தை வளர்ப்பதையே வேலையாகக் கொண்டிருந்த பொருளாதார, தொழில் அமைச்சகத்தின் கீழ் இருந்தது. நாடாளுமன்றம் அமைத்த விசாரணை ஆணையம், கியோஷி குரோகாவா தலைமையில், 2012 ஜூலையில் அறிக்கை தந்தது. இது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்பது அதன் முடிவு. அரசும், கண்காணிப்பாளரும், நிறுவனமும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக் கைகோத்து நடந்ததை அது மூலகாரணமாகக் காட்டியது.

பூட்டிய கோப்பு விபத்துக்குப் பிறகும் ஆளைப் பழிவாங்கியது. கதிரியக்கம் எந்தத் திசையில் பரவும் என்று கணிக்க ‘ஸ்பீடி’ என்றொரு கணினி அமைப்பை அரசு வைத்திருந்தது. அதன் கணிப்புகள் உரிய நேரத்தில் மக்களுக்குச் சொல்லப்படவில்லை. நமியே ஊர் மக்கள் பலர் பாதுகாப்பு என்று நம்பி ஓடிய சுஷிமா பகுதி, கதிரியக்கக் காற்று போன திசையிலேயே இருந்தது.

மரணக் கணக்கு

இந்த இடத்தில் அணுமின்சாரத்தை ஆதரிப்பவர், எதிர்ப்பவர் இரு தரப்பும் கேட்க விரும்பாத உண்மைகளைச் சொல்லியாக வேண்டும். ஃபுகுஷிமாவில் கடும் கதிர்வீச்சு நோயால் உடனடியாக இறந்தவர் யாரும் இல்லை. பொதுமக்களின் உடல்நலத்தில் கதிர்வீச்சால் நேர்ந்ததென்று உறுதியாகச் சொல்லத்தக்க பாதிப்பு பதிவாகவில்லை என்கிறது ஐ.நா.வின் அறிவியல் குழு. அந்த மாகாணத்துச் சிறுவர்களிடம் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய்கள், பரவலான பரிசோதனையால் தெரியவந்தவையா, கதிர்வீச்சால் வந்தவையா என்ற தர்க்கம் ஜப்பானில் இன்றும் ஓயவில்லை. ஒரு நிலைய ஊழியரின் நுரையீரல் புற்றுநோய் மரணத்துக்குக் கதிர்வீச்சு காரணம் என்று 2018-ல் ஜப்பான் அரசு ஏற்றது.

ஆனால் ஏறத்தாழ 1,60,000 பேர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். ஃபுதாபா மருத்துவமனையிலிருந்து பேருந்துகளில் ஏற்றி அலைக்கழிக்கப்பட்ட படுத்த படுக்கை நோயாளிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடப்பெயர்வின் அலைச்சல், மருத்துவம் அறுபட்டது, மன உளைச்சல் என்று பேரிடர் தொடர்பான மரணங்களாக அந்த மாகாணத்தில் பதிவானவை 2,300-க்கும் மேல். சுனாமியும் நிலநடுக்கமும் அங்கே நேரடியாகக் கொன்றவர்களைவிட இது அதிகம்.

கதிர்வீச்சுப் பயம் மிகை என்பவர்கள் இந்த எண்ணைத் தங்கள் வாதத்துக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. என் கணக்கில் இது வேறொன்றைக் காட்டுகிறது. ஆளை வெளியேற்றும் திட்டம் உருப்படியாக இல்லாத ஊரில், உலை கொல்லாவிட்டாலும் குழப்பம் கொல்லும்.

படித்தால் பயம் போகுமா?

விபத்துக்கு முன் ஜப்பானில் 54 உலைகள் இருந்தன. 2012 மே மாதம் கடைசி உலையும் நின்றபோது, 1970-க்குப் பிறகு முதன்முறையாக அந்த நாடு அணுமின்சாரம் இல்லாமல் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பிரதமர் இல்லத்தின் முன் கூட்டம் கூடியது. அந்த ஜூலையில் டோக்கியோவின் யோயோகி பூங்காவில் நோபல் எழுத்தாளர் கென்சபுரோ ஓயேவும் இசையமைப்பாளர் ரியூச்சி சகமோட்டோவும் முன்னிற்க, லட்சம் பேருக்கு மேல் திரண்டதாக அமைப்பாளர்கள் சொன்னார்கள்.

மறுபக்கத்தில் இன்னொரு காட்சி. 2011 ஜூனில் கென்காய் உலைகளை மீண்டும் இயக்குவது பற்றித் தொலைக்காட்சியில் ஒரு விளக்க நிகழ்ச்சி நடந்தது. பொதுமக்களைப்போல நடித்து ஆதரவு மின்னஞ்சல் அனுப்பும்படி க்யூஷு மின் நிறுவனத்தில் ஊழியர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது அம்பலமானது. மக்கள் கருத்தைக் கேட்பதாகச் சொன்ன மேடையில் நிறுவனமே மக்களாக வேடம் கட்டியிருந்தது.

அடுத்த ஆண்டு அரசு மூன்று வழிகளை முன்வைத்தது. 2030-ல் அணுமின்சாரத்தின் பங்கு பூஜ்யமா, 15 சதவீதமா, 20 முதல் 25 சதவீதமா? எழுத்தில் வந்த கருத்துகள் ஏறத்தாழ 89,000. பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பூஜ்யத்தைக் கேட்டார்கள். அக்கறை கொண்டவர்கள் மட்டும்தானே எழுதுவார்கள் என்று அதைத் தள்ளிவிடலாம். ஆனால் அரசு இன்னொன்றும் செய்தது. நாடெங்கிலுமிருந்து 285 பேரை அழைத்து, இரு தரப்பு ஆவணங்களையும் படிக்கக் கொடுத்து, நிபுணர்களிடம் கேள்வி கேட்கவைத்து, விவாதிக்கவைத்தது. விவாதத்துக்கு முன் பூஜ்யத்தை ஆதரித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு. விவாதம் முடிந்தபோது ஏறக்குறைய பாதி.

மக்களுக்கு விவரம் போதாது, விளக்கிச் சொன்னால் பயம் தெளிந்துவிடும் என்பது உலகெங்கும் அணுசக்தித் துறையினர் நம்பும் பாடம். விவரம் கொடுத்துப் பார்த்த ஜப்பானில் நடந்தது அந்த நம்பிக்கைக்கு எதிரானது. பிறகு ஆட்சி மாறியது, கொள்கையும் மாறியது. 2015-ல் செண்டாய் உலை மீண்டும் ஓடியது. 2025 பிப்ரவரியில் வந்த எரிசக்தித் திட்டம், அணுமின்சாரத்தை இயன்றவரை குறைப்போம் என்ற பழைய வரியையே நீக்கிவிட்டது.

இடிந்தகரைப் பந்தல்

ஃபுகுஷிமாவின் காட்சிகள் தமிழகத்தின் வரவேற்பறைகளில் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டில், கூடங்குளத்தில் முதல் உலை தயாராகிக்கொண்டிருந்தது. 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட திட்டம். சோவியத் யூனியன் சிதறியதால் தூங்கி, 2002-ல் கட்டுமானம் தொடங்கியது. எதிர்ப்பும் திட்டத்தின் தொடக்கத்திலிருந்தே இருந்தது. சுனாமியை 2004-ல் கண்ணால் கண்ட கடற்கரை மக்களுக்கு, ஃபுகுஷிமா அயல்நாட்டுச் செய்தியாகத் தெரியவில்லை.

2011 செப்டம்பரில் இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்பு பந்தல் போட்டு 127 பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள். சுப. உதயகுமாரும் புஷ்பராயனும் முன்னின்ற போராட்டத்தில் மீனவப் பெண்களே பெரும்பலம். செப்டம்பர் 22 அன்று ஜெயலலிதா அமைச்சரவை, மக்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்துமாறு மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. நவம்பரில் அப்துல் கலாம் நிலையத்தைப் பார்வையிட்டுவிட்டு, முழுப் பாதுகாப்பானது என்றார். முத்துநாயகம் தலைமையில் மத்தியக் குழு, பிறகு மாநிலக் குழு என்று அறிக்கைகள் வந்தன. 2012 மார்ச் 18 சங்கரன்கோவில் இடைத்தேர்தல். மறுநாள் 19-ஆம் தேதி, உலையைத் திறக்கலாம் என்று மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. சுற்றுவட்டார வளர்ச்சிக்கு 500 கோடி ரூபாயும் அறிவித்தது. அந்த ஒரு நாள் இடைவெளியில் பாதுகாப்பில் எந்த மாற்றமும் நடந்திருக்க முடியாது.

2012 செப்டம்பர் 10 அன்று நிலையத்தை நோக்கிக் கடற்கரையில் திரண்டவர்கள் மீது தடியடியும் கண்ணீர்ப்புகையும். மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகப் பிரிவில் வழக்குகள் பாய்ந்தன. கேள்வி கேட்டவர்கள் மீது சட்டத்தின் மிகக் கனமான ஆயுதம் பயன்படுத்தப்பட்டது.

பொறியாளர் சொல்வதிலும் நியாயம் உண்டு

உலையை ஆதரித்தவர்கள் வெறும் நம்பிக்கையில் பேசவில்லை. ஃபுகுஷிமா 1970-களின் கொதிநீர் உலை. கூடங்குளம் பிந்தைய தலைமுறை ரஷ்ய அழுத்தநீர் உலை. மின்சாரமே இல்லாவிட்டாலும் காற்றோட்டத்தால் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு இதில் இருக்கிறது. ஹைட்ரஜனை வெடிக்குமளவு சேரவிடாமல் நீராக்கும் கருவிகள் இருக்கின்றன. எரிபொருள் உருகி வழிந்தாலும் ஏந்திக்கொள்ளும் கலம் உலைக்கடியில் இருக்கிறது. சுனாமியைக் கிளப்பும் சுமத்ரா பிளவு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால்.

2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்தபோது ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டதும் உண்மை. கூடங்குளம் போராட்டம் நடந்த காலத்தில், சென்னைக்கு வெளியே மணிக்கணக்கில் மின்வெட்டால் தறியும் பட்டறையும் நின்றுபோன ஊர்களில், இந்த வாதங்களுக்கு நல்ல செவி கிடைத்தது. நிலக்கரிப் புகை ஆண்டுதோறும் சத்தமில்லாமல் உயிர்களைப் பறிக்கிறது. பருவநிலை மாற்றத்தைத் தடுக்கக் கரி குறைந்த மின்சாரம் வேண்டும். இவற்றை மறுத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் சிறந்த வரைபடத்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் 1993 மார்ச் 31 அன்று டர்பைன் தகடு உடைந்து தீப்பிடித்தது. மின்கம்பிகள் வெந்து, ஏறத்தாழ 17 மணி நேரம் நிலையம் மின்சாரமின்றிக் கிடந்தது. ஊழியர்கள் டார்ச் விளக்கோடு இருட்டில் ஏறி, போரான் கரைசலைக் கையால் திறந்துவிட்டு, டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளால் உலையைக் குளிர்வித்துக் காப்பாற்றினார்கள். அவர்கள் தீரர்கள். ஆனால் அத்தகைய டர்பைன் தகடுகளில் குறை உண்டு என்ற எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. ஃபுகுஷிமாவின் 15.7 மீட்டர் கணக்கைப்போல அதுவும் உரிய நேரத்தில் கவனிக்கப்படாமல் கிடந்தது.

காட்ட மறுத்த அறிக்கை

கூடங்குளத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இடத்தேர்வு அறிக்கையையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் போராட்டக்காரர்கள் கேட்டார்கள். 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் அவற்றைத் தரும்படி உத்தரவிட்டது. அணுமின் கழகம் தரவில்லை. உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனது. முழுப் பாதுகாப்பானது என்று தலைவர்கள் சான்றளித்த உலையின் பாதுகாப்பு அறிக்கையை, அதன் நிழலில் வாழப்போகும் மக்கள் படிக்க முடியவில்லை.

உச்ச நீதிமன்றம் 2013 மே 6 அன்று உலையை இயக்க அனுமதித்தது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் சுந்தர்ராஜன் தொடுத்த வழக்கு அது. நீதிபதிகள் ராதாகிருஷ்ணன், தீபக் மிஸ்ரா அமர்வு 15 நிபந்தனைகள் விதித்தது. போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயலும்படியும் சொன்னது. அதற்கு முந்தைய மாதம்தான், நிலையத்தில் நான்கு வால்வுகளில் குறை இருந்ததை ஒழுங்குமுறை வாரியம் ஒப்புக்கொண்டிருந்தது. பயன்படுத்திய எரிபொருளை எங்கே புதைப்பது என்ற கேள்விக்கு 2012-ல் நீதிமன்றத்தில் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியதும் அந்தப் பேச்சு கைவிடப்பட்டது. இறுதிப் புதைகுழிக்கு இன்றுவரை இடம் இல்லை.

2019 அக்டோபர் 29 அன்று, நிலையத்தின் கணினியில் ஊடுருவல் நடந்ததாக வந்த செய்தியை அதிகாரிகள் மறுத்தார்கள். மறுநாளே, நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்தது உண்மை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு பாதிக்கப்படவில்லை என்றது. இருக்கலாம். முதல்நாள் மறுத்தவரின் இரண்டாம்நாள் உறுதிமொழியை ஊர் எப்படி நம்பும்?

காவலுக்கு யார்?

நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-ல் ஓர் அரசாணையால் பிறந்தது. யாரைக் கண்காணிக்க வேண்டுமோ, அந்தத் துறையின் தலைவரே தலைமை வகிக்கும் அணுசக்தி ஆணையத்திடம்தான் அது அறிக்கை கொடுத்துவந்தது. இந்த அமைப்பில் சுதந்திரம் இல்லை என்று வாரியத்தின் முன்னாள் தலைவர் அ. கோபாலகிருஷ்ணனே வெளிப்படையாகச் சொன்னார். 2012-ல் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கையும் அதையே சொன்னது: விதி வகுக்க அதிகாரமில்லை, விதிமீறலுக்கு அதிகபட்ச அபராதம் 500 ரூபாய், நாட்டுக்கென்று கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கொள்கை வகுக்கும் வேலை முப்பது ஆண்டுகளாகியும் முடியவில்லை. சுதந்திரமான ஆணையம் அமைக்க 2011-ல் கொண்டுவந்த மசோதா 2014-ல் காலாவதியானது.

ஜப்பான் விபத்துக்குப் பின் அந்தப் பழைய முகமையைக் கலைத்துவிட்டு, 2012 செப்டம்பரில் தனி ஒழுங்குமுறை ஆணையத்தை அமைத்தது. மூன்று உலைகளை இழந்த பிறகு கற்ற பாடம் அது. இந்தியா விபத்தில்லாமலே கற்றுக்கொள்ளும் வாய்ப்பைப் பெற்றிருக்கிறது. சாந்தி சட்டம் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தருவதை வரவேற்க வேண்டும். அதே சட்டம், அணுசக்தித் தகவல்களைத் தகவல் உரிமைக்கு எட்டாமல் வைக்கும் அதிகாரத்தையும் அரசுக்குத் தருகிறது. ஒரு கையால் காவலரை நியமித்துவிட்டு, மறுகையால் விளக்கை அணைப்பது இது.

செய்ய வேண்டியவை

ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் தேர்வு செய்வதில் அணுசக்தித் துறைக்குப் பங்கே இருக்கக் கூடாது. வாரியம் நாடாளுமன்றத்துக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். கூடங்குளம், கல்பாக்கம் உட்பட ஒவ்வொரு நிலையத்தின் பாதுகாப்பு அறிக்கையும், நாசவேலைக்கு உதவக்கூடிய பகுதிகளை மட்டும் நீக்கிவிட்டு, தமிழில் வெளிவர வேண்டும். 2012-ல் நக்கனேரி என்ற சிற்றூரில் நடத்தியது போன்ற ஒத்திகை போதாது. இடிந்தகரை, கூட்டப்புளி, நாகர்கோவில் மக்களுக்கு எந்தச் சாலையில், எந்த வண்டியில், எங்கே போவது என்று தெரிந்திருக்க வேண்டும். கருவி விற்றவரின் பொறுப்பைச் சட்டம் கைவிட்டிருக்கும் நிலையில், ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் அதை எழுதி வாங்க வேண்டும். அந்தப் பக்கத்தை மக்களுக்குக் காட்டவும் வேண்டும். இடிந்தகரை மக்கள் மீது மிச்சமிருக்கும் வழக்குகளும் முடிவுக்கு வர வேண்டும்.

அணுமின்சாரம் வேண்டும் என்பவர்களுக்கே இவை அதிக அவசியம். ஃபுகுஷிமாவுக்குப் பிறகு ஜெர்மனி தன் உலைகளை ஒவ்வொன்றாக மூடி, 2023 ஏப்ரலில் கடைசியையும் அணைத்தது. நம்பிக்கை போன பிறகு எந்தத் தொழில்நுட்பமும் ஒரு நாட்டில் நிலைக்காது. கூடங்குளத்தில் இரண்டு உலைகள் ஓடுகின்றன, நான்கு எழுகின்றன. அவற்றின் சுவர்கள் எவ்வளவு உறுதி என்று சோதிப்பவர், அவற்றைக் கட்டியவருக்குக் கட்டுப்படாதவராக இருக்க வேண்டும். சோதித்தவர் எழுதியதை ஊர் படிக்க வேண்டும். இந்த இரண்டும் நடக்காதவரை, பாதுகாப்பு என்று யார் சொன்னாலும் அந்தச் சொல்லை ஏற்கும் கடமை தமிழக மக்களுக்கு இல்லை.